தம்பியின் கையில் கத்தி: பொலிஸை அழைக்கலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 36 வயது. வன்னியில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு கனடா வந்தவர். வந்த சில வருடங்களில் சிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று வைத்தியர்கள் சொன்னார்கள். குளிசையோடு நன்றாக இருந்தவர் இந்த வருடம் அதை நிறுத்திவிட்டார். போன மாதம் ஒரு இரவு, யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்று சொல்லி, மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அக்கா அவசர எண்ணான 911ஐ அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தார், அழைக்கவில்லை. விடியப்புறம் தம்பி தானாகக் கத்தியை வைத்துவிட்டு நித்திரையானார்.

அன்று தொடக்கம், அம்மாவும் இருக்கும் அந்த வீட்டில் வாக்குவாதம். "கத்தியோடு வருபவனைச் சுடாமல் பொலிஸ் என்ன செய்யும், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இல்லையா" என்கிறார் கணவர். "நோயாளியைச் சுடுவது கொலை. சுடத்தான் வேண்டுமென்றால் காலில் சுடலாமே" என்கிறான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன். "இருவரில் யார் சரி? அடுத்த முறை நான் யாரை அழைப்பது?" என்று கேட்டிருக்கிறார் சகோதரி.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மனநலத் தாதி. மனநெருக்கடி அழைப்புகளுக்குப் பொலிஸ் அதிகாரி ஒருவரோடு சேர்ந்து போகும் நடமாடும் குழுவில் பல வருடம் வேலை செய்தவள். அன்று இரவு நீங்கள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது கோழைத்தனம் அல்ல. அந்த அழைப்பால் தம்பி பிழைப்பாரா சாவாரா என்று தெரியாமல் நின்றீர்கள். இந்த நகரத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் அவசரமானது. ஆனாலும் முதலாவதைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் வீட்டில் நடக்கும் வாதம்தான் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ரொறன்ரோ முழுக்க நடக்கிறது. அது எப்போதும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கத்தி நீண்டுவிட்டது, துவக்கு உயர்ந்துவிட்டது, இப்போது சுடலாமா கூடாதா என்ற அந்தக் கடைசி விநாடியில். அந்த விநாடிக்கு வந்துவிட்ட பிறகு நல்ல வழி அநேகமாக எதுவும் மிச்சமில்லை. அதற்கு முந்திய நிமிடங்களில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி. அந்த நிமிடங்களில் பொலிஸாருக்கும் பங்கு உண்டு, குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

2013 ஜூலை 27, நள்ளிரவு தாண்டிய நேரம். ரொறன்ரோவின் டண்டாஸ் வீதியில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ரீட்கார் எனப்படும் ட்ராம் வண்டியில் 18 வயது சாமி யாட்டிம் ஒரு சிறிய மடக்குக் கத்தியை வெளியே எடுத்தார். சிரியாவிலிருந்து சில வருடங்களுக்கு முன்னர் வந்த இளைஞர். போதைப் பொருள் உடலில் இருந்தது. பயணிகள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். ஓட்டுநர் மட்டும் சிறிது நேரம் உள்ளே நின்று அவரோடு கதைத்தார். அப்பாவை அழைப்பதற்கு யாட்டிம் ஒரு தொலைபேசி கேட்டார் என்று ஓட்டுநர் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். பொலிஸ் வந்ததும் ஓட்டுநரும் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு வண்டிக்குள் யாட்டிம் தனியாக நின்றார். திறந்திருந்த முன் கதவுக்கு வெளியே, வீதியில், பொலிஸார்.

முதலில் வந்த ஜேம்ஸ் ஃபோர்சிலோ என்ற பொலிஸ்காரர் துவக்கை நீட்டியபடி கத்தியைக் கீழே போடு என்று திரும்பத் திரும்பக் கத்தினார். ஓரடி எடுத்து வைத்தால் சுடுவேன் என்று எச்சரித்தார். பின்னுக்குப் போன யாட்டிம் மறுபடி முன்னுக்கு வந்தார். மூன்று வேட்டுகள். அவர் விழுந்தார். ஐந்தரை விநாடி இடைவெளி. பிறகு, மல்லாந்து கிடந்தவர் மீது இன்னும் ஆறு வேட்டுகள். ஃபோர்சிலோ வந்து சேர்ந்ததிலிருந்து முதல் வேட்டு வரைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அங்கே நின்ற வேறு எந்தப் பொலிஸ்காரரும் சுடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்த ஒரு சார்ஜன்ட், அசையாமல் கிடந்தவர் மீது டேசர் மின்னதிர்ச்சிக் கருவியைப் பிரயோகித்தார். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் ரோந்துப் பொலிஸ்காரர்களிடம் டேசர் கிடையாது, மேற்பார்வை அதிகாரிகளிடம்தான் இருந்தது. டேசர் வேண்டும் என்று ஃபோர்சிலோ வானொலியில் கேட்டிருந்தார், அது வரும்வரை காத்திருக்கவில்லை.

2016 ஜனவரியில் ஜூரிகள் கொடுத்த தீர்ப்பு பலருக்கு இன்றைக்கும் குழப்பம். முதல் மூன்று வேட்டுகளுக்காகச் சாட்டப்பட்ட இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. அடுத்த ஆறு வேட்டுகளுக்குக் கொலை முயற்சிக் குற்றவாளி. உயிரைப் பறித்தவை முதல் மூன்று, தண்டனை கிடைத்தது அடுத்த ஆறுக்கு. ஆறு வருடச் சிறை. 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கனடாவின் குற்றவியல் சட்டம் 25ஆம் பிரிவில் சொல்வது இதுதான்: தன் உயிருக்கோ தன் பாதுகாப்பில் உள்ள இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது கடுமையான காயம் வரும் என்று நியாயமான காரணத்தோடு நம்பினால் மட்டுமே பொலிஸ் அதிகாரி உயிர் போகக்கூடிய பலத்தைப் பயன்படுத்தலாம். ஜூரிகள் அந்த அளவுகோலை ஒவ்வொரு வேட்டுக் கூட்டத்துக்கும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். கத்தியோடு நின்றவர் முன்னுக்கு வந்தபோது சுட்டது குற்றம் என்று நிரூபிக்கப்படவில்லை. விழுந்தவரைச் சுட்டது குற்றம். ஆகவே, கத்தி இருந்தால் பொலிஸ் சுடலாம் என்ற உங்கள் கணவரின் வசனம் சட்டப்படி பிழை. கத்தி இருந்தது என்பது போதாது, அந்தக் கணத்தில் ஆபத்து இருந்திருக்க வேண்டும். நோயாளியைச் சுடுவது எப்போதும் கொலை என்ற மகனின் வசனமும் சட்டப்படி பிழைதான்.

ஆனால் சட்டம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. வெறும் வண்டி. உள்ளே ஒருவர் மட்டும். வெளியே ஆயுதம் தாங்கிய பொலிஸார் பலர். காப்பாற்ற வேண்டிய பணயக் கைதி யாரும் இல்லை. ஏன் அவசரம்? பத்து மீற்றர் பின்னால் போய் நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஓட்டுநர் தொடங்கிய கதையை யாராவது தொடர்ந்திருந்தால்? அந்த முதல் மூன்று வேட்டுகள் சட்டத்துக்குள் அடங்கியிருக்கலாம். அவை தேவைப்பட்டது அதற்கு முந்திய விநாடிகளை வீணாக்கியதால்தான் என்று நான் நம்புகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ரொறன்ரோ பொலிஸ் தலைவர் கேட்டுக்கொண்டபடி ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசர் ஃபிராங்க் யாகொபூச்சி ஆராய்ந்து 2014 ஜூலையில் 84 பரிந்துரைகளைக் கொடுத்தார். இலக்கு பூச்சியம் என்று அதில் எழுதினார். நெருக்கடியில் இருப்பவரும் சாகக்கூடாது, பொலிஸ்காரரும் சாகக்கூடாது, வழியில் போகிறவரும் சாகக்கூடாது. உங்கள் வீட்டு வாதத்தில் கணவரும் மகனும் ஆளுக்கொரு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அறிக்கை மூன்று உயிரையும் ஒன்றாக எண்ணியது. அதனால் அதை நான் மதிக்கிறேன்.

இப்போது உங்கள் கணவரிடம் உள்ள உண்மையைச் சொல்ல வேண்டும். கத்தி உண்மையான ஆயுதம். துவக்கோடு ஒப்பிட்டால் சின்னது என்று நினைப்பவர்கள் கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரப் பொலிஸில் இருந்த டெனிஸ் டுவெல்லர் 1983இல் ஒரு கணக்கு எழுதினார். 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவர் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் உங்களை எட்டிவிடுவார். உறையிலிருந்து துவக்கை எடுத்துக் குறிபார்த்துச் சுடுவதற்கும் அவ்வளவு நேரம் பிடிக்கும். பொலிஸ்காரர்கள் அணியும் கவசம் துவக்குச் சன்னத்துக்காகச் செய்யப்பட்டது, கழுத்தையும் கையையும் தொடையையும் அது மூடுவதில்லை. நான் வேலை செய்த பொலிஸ்காரர்கள் கத்தி என்ற சொல்லை வானொலியில் கேட்டதும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது நடிப்பல்ல.

ஆனால் அந்தக் கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கலாம். 21 அடிக்குள் வந்தால் சுடு என்று வட அமெரிக்காவில் பலர் எடுத்துக்கொண்டார்கள். 21 அடி போதாது, இன்னும் விலகி நில், நடுவில் ஒரு காரையோ கதவையோ வை என்பது மற்றப் பாடம். ஸ்கொட்லாந்தில் பெரும்பாலான பொலிஸ்காரர்களிடம் துவக்கே கிடையாது. கத்தி அங்கேயும் இருக்கிறது. அவர்கள் விலகி நிற்கிறார்கள், கேடயம் வைத்திருக்கிறார்கள், வளைத்துக்கொண்டு கதைக்கிறார்கள், மணித்தியாலக் கணக்கில் காத்திருக்கிறார்கள். 2015இல் அமெரிக்கப் பொலிஸ் அதிகாரிகள் அங்கே போய் அதைப் பார்த்து வந்தார்கள். அவர்களை அழைத்துப்போன பொலிஸ் ஆய்வு அமைப்பு அடுத்த வருடம் நேரம், தூரம், மறைப்பு என்ற மூன்றையும் மையமாக வைத்து ஒரு பயிற்சியை உருவாக்கியது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரப் பொலிஸில் அந்தப் பயிற்சியை சின்சினாட்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, பலப்பிரயோகச் சம்பவங்கள் 28 வீதம் குறைந்திருந்தன. பொதுமக்கள் காயங்கள் 26 வீதம் குறைந்தன. பொலிஸ்காரர்களின் காயங்கள் 36 வீதம் குறைந்தன. இந்தக் கடைசி எண்ணை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பொறுமையால் காயத்திலிருந்து அதிக வீதத்தில் தப்பியவர்கள் பொலிஸ்காரர்களே.

மகனின் "காலில் சுடலாமே" என்பதற்கும் பதில் வேண்டும். தமிழ்நாட்டுச் செய்திகளில் தப்பி ஓட முயன்ற ரவுடியைப் பொலிஸார் காலில் சுட்டுப் பிடித்தனர் என்று அடிக்கடி வருகிறது. அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகத் தோன்றும். கனடாவில் அப்படிப் பயிற்சி கொடுப்பதில்லை. ஓடி வருபவரின் கால் அசைந்துகொண்டே இருக்கும் ஒடுங்கிய இலக்கு. தவறிய சன்னம் பின்னால் நிற்கும் அம்மாவிலோ அடுத்த வீட்டுச் சுவரிலோ போய் முடியும். தொடையில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது, அதில் பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான காரணம் வேறு. காலில்தானே என்று நினைக்கத் தொடங்கினால் துவக்கு இன்னும் சீக்கிரம் வெளியே வரும். துவக்கை எடுக்காமல் இருப்பதற்கான வழிகளைத்தான் உங்கள் மகன் கேட்க வேண்டும்.

அப்படி ஒரு வழியை இந்த நகரமே கண்ணால் பார்த்தது. 2018 ஏப்ரல் 23 அன்று யங் வீதியில் வாடகை வானை ஏற்றிப் பதினொருவரின் உயிரைப் பறித்த ஆள், வானிலிருந்து இறங்கி, கறுப்பாக ஏதோ ஒன்றைத் துவக்குப் போல நீட்டி, என்னைத் தலையில் சுடு என்று கத்தினான். எதிரே கென் லாம் என்ற ஒரேயொரு பொலிஸ்காரர். அவர் தன் காருக்குத் திரும்பிச் சைரனை நிறுத்தினார். அந்தச் சத்தம் போன பிறகுதான் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்டது. பிறகு மெதுவாகப் பின்னுக்குப் போனார், கையில் இருப்பது துவக்கல்ல என்று புரிந்ததும் துவக்கை வைத்துவிட்டுத் தடியை எடுத்தார். ஆள் படுத்தான், விலங்கு மாட்டப்பட்டது. அவர் சுட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கொலைகாரனுக்கும் உங்கள் தம்பிக்கும் எந்த ஒப்பும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அந்தச் சைரனைப் பற்றி.

ஏனென்றால் உங்கள் தம்பியின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். நோய் முற்றிய நேரத்தில் அவருக்கு உள்ளேயிருந்து குரல்கள் கேட்கின்றன. அதற்கு மேல் சைரன், வெளிச்சம், நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் போடும் கட்டளைகள். கத்தியைப் போடு என்பதை அவர் மறுக்கவில்லை, அது அவரை வந்து சேரவில்லை. வன்னியில் வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சீருடையும் துவக்கும் வாசலில் நின்றால் சுற்றிவளைப்பு என்று அவர் உடம்பு நினைத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்ற அவருடைய பயம் முழுவதும் நோயில் பிறந்ததல்ல. நம்மவர்களில் பலருக்கு அது நடந்திருக்கிறது. அந்தப் பயத்தில் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். வெளியே நிற்பவருக்கு அது எதிர்ப்பாகத் தெரியும்.

2020 ஜூனில் மிசிசாகாவின் மால்டனில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 62 வயது தந்தை, சிசோஃப்ரினியா, மருந்து எடுக்கவில்லை, கையில் கத்தி. குடும்பம் கேட்டது மருத்துவ உதவி. வீட்டுக்குள் அவர் தனியாகத்தான் இருந்தார். உறவினர்கள் வெளியே நின்று, எங்களைக் கதைக்க விடுங்கள் என்று கெஞ்சினார்கள். பொலிஸார் பால்கனி வழியாக ஏறிக் கதவை உதைத்துத் திறந்து உள்ளே போனார்கள். டேசர், பிளாஸ்டிக் குண்டு, பிறகு துவக்கு. அவர் இறந்தார். பொலிஸாரின் செயல்களை ஆராயும் ஒன்ராறியோவின் விசேட புலனாய்வுப் பிரிவு அடுத்த வருடம் குற்றச்சாட்டு எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்தது. உள்ளே நுழைந்த பிறகு கத்தியோடு வந்தவரைச் சுட்டது சட்டத்துக்குள் அடங்கும் என்பது முடிவு. தனியாக, பூட்டிய வீட்டுக்குள் இருந்தவரிடம் கதவை உடைத்துக்கொண்டு ஏன் போனார்கள் என்பதுதான் அந்தக் குடும்பம் கேட்டது, நானும் கேட்கிறேன். தம்பி அம்மாவை நோக்கிக் கத்தியோடு பாயும்போது ஒரு பொலிஸ்காரர் சுட்டால், அவரைக் கொலைகாரர் என்று என்னால் சொல்ல முடியாது. அறைக்குள் தனியாக இருப்பவரின் கதவை உடைத்து ஆபத்தை உண்டாக்கிவிட்டுப் பிறகு அந்த ஆபத்துக்காகச் சுட்டால், சட்டம் மன்னித்தாலும் அது தவறு என்பது என் முடிவு. உங்கள் கணவரும் மகனும் இந்த இரண்டு காட்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

இனி, நீங்கள் யாரை அழைப்பது.

கத்தி இல்லை, யாரையும் அடிக்கவில்லை, ஆனால் தம்பி நித்திரை கொள்வதில்லை, தனக்குள் கதைக்கிறார், சாப்பாட்டில் நஞ்சு என்கிறார் என்ற நிலை இருக்கிறதே, பெரும்பாலான குடும்பங்கள் இந்த நாட்களைப் பொறுத்துக்கொண்டே கடத்திவிடுகின்றன. அப்போதுதான் 211ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணில் கிடைக்கும் ரொறன்ரோ சமூக நெருக்கடிச் சேவை 2022இல் சோதனையாகத் தொடங்கி 2024இல் நகரம் முழுவதற்கும் விரிந்தது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரவு பகலாக, இலவசமாக. வருபவர்கள் பொலிஸ் அல்ல, நெருக்கடிப் பணியாளர்கள். சீருடை இல்லை, துவக்கு இல்லை. உங்கள் தம்பிக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை. தற்கொலை எண்ணம் பற்றிக் கதைக்க 988 என்ற எண் நாடு முழுவதும் 2023 நவம்பரிலிருந்து இயங்குகிறது. ஆனால் ஆயுதம் வெளியே வந்து உடனடி ஆபத்து என்றால் 211 குழு வராது. எங்கள் நடமாடும் குழுவும் ஆயுதம் உள்ள இடத்தில் முதலில் நுழைவதில்லை, ரோந்துப் பொலிஸாருக்குப் பிறகுதான்.

இன்னொரு வழி உண்டு. நம்மவர்களில் மிகச் சிலருக்கே தெரியும், உங்களுக்கு இப்போது அதுதான் மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒன்ராறியோ மனநலச் சட்டத்தில் இரண்டாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் நீதிமன்றம் போய், ஜஸ்டிஸ் ஒஃப் த பீஸ் எனப்படும் நீதவான் முன் சத்தியம் செய்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். எந்தத் தேதி மருந்தை நிறுத்தினார், கத்தியோடு என்ன செய்தார், என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். நீதவான் ஏற்றுக்கொண்டால், தம்பியை வைத்தியர் ஒருவரின் பரிசோதனைக்குக் கொண்டுபோகப் பொலிஸாருக்கு ஆணை கொடுப்பார். அது ஏழு நாட்களுக்குச் செல்லும். வைத்தியர் அவசியம் என்று கண்டால் முதலாம் படிவம் எழுதி 72 மணித்தியாலம் வரை மனநல மதிப்பீட்டுக்காக வைத்திருக்கலாம்.

இதிலும் பொலிஸ்தான் வருகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பாருங்கள். நள்ளிரவில் கத்தி கையில் இருக்கும்போது வருவதற்குப் பதிலாக, காலை பத்து மணிக்கு அவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வரலாம். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கதைத்து, நடமாடும் குழுவின் தாதியும் வரமுடியுமா என்று கேட்கலாம். கடைசி விநாடியைப் பற்றி எவ்வளவு வாதம் செய்தாலும் கிடைக்காத ஒன்று, நேரம், இதில் உங்கள் கையில் இருக்கிறது.

தம்பிக்குக் குற்றப் பதிவு விழும், வேலை போகும் என்று பயந்து பல குடும்பங்கள் இதைச் செய்வதில்லை. மனநலச் சட்டத்தின் கீழ் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது குற்றச்சாட்டு அல்ல. 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோச் சட்டத்தின்படி, வேலைக்கான பொலிஸ் பதிவுச் சோதனையில் அந்த விவரத்தை வெளியிடக்கூடாது.

அப்படியும் ஒரு இரவு கத்தி வெளியே வந்து, யாருக்காவது ஆபத்து என்றால், 911தான். தயங்க வேண்டாம். கத்தியைப் பறிக்கப் போகாதீர்கள். உங்கள் கணவரையும் போக விடாதீர்கள், மகனையும்தான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், அம்மாவை முதலில். எல்லோரும் வெளியே வந்துவிட்டால் நீங்கள் 911இல் சொல்லக்கூடிய மிக வலிமையான வசனம் கிடைக்கிறது: "அவர் உள்ளே தனியாக இருக்கிறார், மற்ற எல்லோரும் பாதுகாப்பாக வெளியே இருக்கிறோம்." அந்த ஒரு வசனம் வரும் பொலிஸாரிடமிருந்து அவசரத்தை எடுத்துவிடுகிறது. உள்ளே ஓடிக் காப்பாற்ற யாரும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் கதவுக்கு வெளியே நின்று கதைக்க முடியும்.

அடுத்து நோயின் பெயர், மருந்தை நிறுத்தி எவ்வளவு காலம், கையில் என்ன இருக்கிறது, வேறு ஆயுதம் உண்டா, யாரையும் மிரட்டினாரா. கத்தியை மறைக்காதீர்கள். எதிர்பாராமல் கத்தியைக் காணும் பொலிஸ்காரர்தான் மிகவும் ஆபத்தானவர். தமிழில்தான் அவருக்கு விளங்கும், போர் நடந்த இடத்திலிருந்து வந்தவர், சீருடையைக் கண்டால் பயப்படுவார் என்று சொல்லுங்கள். சைரனை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். நடமாடும் மனநெருக்கடிக் குழு வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வராமல் போனால் "தமிழ்" என்று மட்டும் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இவ்வளவையும் அந்த நேரத்தில் யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. ஆகவே இன்றைக்கே ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மகனை எழுதச் சொல்லுங்கள், அவனுடைய கோபத்துக்கு அது நல்ல வேலை.

பொலிஸ் வந்ததும் வெறுங்கையோடு, கை தெரியும்படி வெளியே நின்று சந்தியுங்கள். அவர்களுக்கும் தம்பிக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். நான் தமிழில் கதைக்கிறேன், தூரத்தில் நின்று கதைக்கிறேன் என்று கேளுங்கள். சில அதிகாரிகள் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். மறுத்தால் சண்டை பிடிக்காமல், அவர் எதைக் கேட்டால் அமைதியாவார் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒருவர் மட்டும் கதையுங்கள், வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள் என்பவை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தும் காரியம் பிழையாகப் போகலாம். என்னால் உத்தரவாதம் தர முடியாது. குடும்பத்தின் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது நியாயமும் இல்லை. அமெரிக்காவின் மெம்பிஸில் 1987இல் கத்தியால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்த 27 வயது இளைஞனுக்காக அவனுடைய தாய் 911ஐ அழைத்தார். வந்த பொலிஸார் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நகரம் கொதித்தெழுந்ததால் அடுத்த வருடம் பொலிஸாருக்கு 40 மணித்தியால மனநெருக்கடிப் பயிற்சி தொடங்கியது. இன்று வட அமெரிக்கா முழுவதும் பரவியிருப்பது அதுதான். அந்தத் தாய் எந்தப் பிழையும் செய்யவில்லை. உங்கள் மகன் நகரசபைக்கு எழுதட்டும், கூட்டங்களுக்குப் போகட்டும். யாட்டிமின் மரண விசாரணை நடப்பதற்கே 2024 ஜனவரி ஆகிவிட்டது, பத்து வருடத்துக்கு மேல். யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் நடந்திராது.

தம்பியின் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் குளிசை விழுங்குவது அவருக்குக் கஷ்டமென்றால், மாதம் ஒருமுறை அல்லது அதற்கும் நீண்ட இடைவெளியில் போடும் ஊசிகள் இருக்கின்றன. அடிக்கடி மருந்தை நிறுத்தி வைத்தியசாலைக்குப் போய்வருபவர்களுக்கு, வீட்டில் இருந்தபடியே சிகிச்சையைத் தொடர வைக்கும் சமூக சிகிச்சை ஆணை என்ற ஏற்பாடும் 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த மாகாணத்தில் உண்டு. இவற்றை அவருடைய மனநல வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியர் இரகசியம் காரணமாக உங்களிடம் எதுவும் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்க அவருக்குத் தடை எதுவும் இல்லை. அழைத்து, கத்தி விஷயத்தைச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் எழுதித் தொலைநகலில் அனுப்புங்கள்.

தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இன்னும் மருந்து எடுக்காமல் இருந்தால், அடுத்த இரவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே வைத்தியரை அழையுங்கள். வைத்தியர் அசையாவிட்டால் நீதவானிடம் போங்கள். மீன் வெட்டும் கத்தியையும் மற்றக் கத்திகளையும் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள்.